சார்ஜ் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இடமறிந்து பொருள் கொள்வது எப்படி?

‘சார்ஜ்’ என்ற ஆங்கிலச் சொல் தமிழ்ப் பேச்சில் பல இடங்களில் குடியேறிவிட்டது. கைபேசிக்குச் சார்ஜ் போடுகிறோம், ஆட்டோவுக்கு என்ன சார்ஜ் என்று கேட்கிறோம், தலைமை ஆசிரியர் விடுப்பில் போனால் இன்சார்ஜ் யார் என்று விசாரிக்கிறோம். பேச்சில் இதனால் இடர்ப்பாடு எதுவும் இல்லை. ஆங்கிலச் செய்தியையோ வங்கிக் கடிதத்தையோ நீதிமன்ற ஆவணத்தையோ தமிழில் எழுத உட்காரும்போதுதான், அகராதி தருகிற கட்டணம், பொறுப்பு, குற்றச்சாட்டு, மின்னூட்டம், பாய்ச்சல் ஆகியவற்றுள் எதை எடுப்பது என்ற கேள்வி எழுகிறது. கண்ணில் பட்ட முதல் பொருளை எடுத்துக்கொண்டால் பிழை நேர்வது பெரும்பாலும் உறுதி.

வேரை அறிந்துகொண்டால் இப்பொருள்களை நினைவில் வைப்பது எளிதாகும். பிற்கால லத்தீனில் ‘கர்ரிகாரே’ என்பது வண்டியில் சுமை ஏற்றுவதைக் குறித்தது. பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த ‘சார்ஜ்’ அந்தச் சுமையை இன்றும் தாங்கி நிற்கிறது. ‘கார்’, ‘கார்கோ’, ‘கேரி’ ஆகியவை இதன் உறவுச் சொற்கள். ஒருவர்மேல் பணச் சுமையை ஏற்றினால் கட்டணம், கடமையை ஏற்றினால் பொறுப்பு, பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு. துப்பாக்கிக்குள் மருந்தை ஏற்றுவதும் மின்கலத்தில் மின்சாரத்தை ஏற்றுவதும் அதே வழியில் வந்தவை.

வாக்கியத்தில் இச்சொல் வந்தால், அதற்குப் பின்னால் எந்த இடைச்சொல் நிற்கிறது, அதற்கும் பின்னால் எந்தப் பெயர் நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். ‘ஃபார்’ வந்து, அருகில் தொகையோ பொருளோ சேவையோ இருந்தால் அது பணம் பற்றியது. ‘அட்’ வந்தால் பாய்ந்து தாக்குவது. ‘வித்’ வரும் இடத்தில் மட்டும் ஒரு கணம் நிற்க வேண்டும். ‘சார்ஜ்டு வித் தெஃப்ட்’ என்றால் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவர். ‘சார்ஜ்டு வித் ப்ரிப்பேரிங் தி ரிப்போர்ட்’ என்றால் அறிக்கை தயாரிக்கும் பணி ஒப்படைக்கப்பட்டவர். இரண்டுக்கும் இடைச்சொல் ஒன்றே என்பதால், அதையடுத்து வருவது குற்றமா கடமையா என்று பார்த்தே முடிவு செய்ய முடியும். ஐயம் தீராவிட்டால், அந்த இடத்தில் ‘ஃபீ’, ‘அக்யூஸ்’, ‘கேர்’, ‘அட்டாக்’, ‘லோட்’ என்ற சொற்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் படித்துப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் எது கருத்தோடு ஒட்டுகிறதோ, அதற்குரிய தமிழ்ச் சொல்லே நமக்கு வேண்டியது.

பணத்தைக் குறிக்கும் பொருளில் ஆங்கிலத்தில் ஒருபொருட் சொற்கள் ஏராளம்; ஆனால் அவற்றை விருப்பம்போல் மாற்றிப் போட இயலாது. பயணிகள் பேருந்துக்கும் ரயிலுக்கும் கொடுப்பது ‘ஃபேர்’. நாம் பஸ் சார்ஜ் என்று சொன்னாலும் ஆங்கிலத்தில் எழுதும்போது ‘பஸ் ஃபேர்’ என்பதே இயல்பு. மருத்துவர், வழக்கறிஞர், பள்ளி, தேர்வு ஆகியவற்றுக்கு ‘ஃபீ’. சாலைக்கும் பாலத்துக்கும் ‘டோல்’. கடையில் வாங்கும் பொருளுக்கு ‘ப்ரைஸ்’. விதியை மீறியதற்காகச் செலுத்தும் ‘ஃபைன்’ அபராதம். அதைச் சார்ஜ் என்று எழுதினால் தண்டனை என்ற கருத்தே மறைந்துபோகும். தமிழில் கட்டணம் என்ற ஒரு சொல் இவற்றுள் பலவற்றுக்குப் போதும் என்றாலும், எல்லா இடத்திலும் அதையே போடுவது மொழியை வறுமைப்படுத்துவதாகும் என்பது என் உறுதியான கருத்து. நகைக்கடையின் ‘மேக்கிங் சார்ஜஸ்’ நெடுங்காலமாகச் செய்கூலி என்றே வழங்குகிறது. லாரியில் சரக்கு ஏற்றுவதற்கு ஏற்றுக்கூலி, இறக்குவதற்கு இறக்குக்கூலி என்ற சொற்கள் நம்மிடம் உள்ளன. இவை இருக்கும்போது ‘செய்முறைக் கட்டணம்’ என்று புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டியதில்லை. ‘ஃப்ரீ ஆஃப் சார்ஜ்’ என்பது இலவசம்.

மிகுந்த கவனம் தேவைப்படும் பொருள் குற்றச்சாட்டு. ஒருவர் ‘சார்ஜ்டு’ என்று செய்தியில் வந்தால், உரிய அதிகாரம் கொண்ட அமைப்பு அவர்மீது குற்றம் சாட்டியிருக்கிறது என்பதற்குமேல் எதுவும் உறுதியாகவில்லை. இதனைக் ‘குற்றவாளி’ என்று எழுதுவது, நீதிமன்றம் தீர்ப்பளிப்பதற்கு முன்பே நாம் தீர்ப்பளிப்பதாகும். அந்த ஒற்றைச் சொல்லால் ஒரு மனிதரின் வாழ்வும் பெயரும் கெடக்கூடும். குற்றவாளி என்ற சொல் ‘கன்விக்டட்’ என்பதற்கு மட்டுமே உரியது. ‘அக்யூஸ்’ என்பதை யாரும் யார்மீதும் செய்யலாம். அதற்கு அதிகாரம் தேவையில்லை, இடைச்சொல்லும் ‘ஆஃப்’ ஆகும். ‘அலெஜ்’ என்பது ஆளைச் சாராமல் செய்தியைச் சார்ந்து நிற்பதால், தமிழில் ‘என்று கூறப்படுகிறது’ என்பதோடு பொருந்தும். அமெரிக்கச் செய்திகளில் வரும் ‘இண்டைட்’ பெரும்பாலும் கிராண்ட் ஜூரி எனப்படும் குடிமக்கள் குழுவின் முடிவைக் குறிக்கும்.

நம் நாட்டு நடைமுறையின் படிகளைத் தெரிந்துகொண்டால் சொற்கள் தாமாகவே பிரிந்து நிற்கும். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளபோதும் இப்படிகள் தொடர்கின்றன. முதலில் முதல் தகவல் அறிக்கை. புலனாய்வு முடிந்தபின் காவல் துறை தாக்கல் செய்யும் ‘சார்ஜ் ஷீட்’, அதாவது குற்றப்பத்திரிகை. அதன்பின் எந்தெந்தக் குற்றங்களுக்காக விசாரணை நடைபெறும் என்று நீதிமன்றம் எழுத்தில் வரையறுப்பது குற்றச்சாட்டு வனைதல். அதற்குப் போதிய அடிப்படை இல்லையென்று நீதிமன்றம் கருதினால் ‘டிஸ்சார்ஜ்’ செய்யும். அதனை வழக்கிலிருந்து விடுவித்தல் என்று எழுத வேண்டும். விசாரணை முழுவதும் நடந்தபின் கிடைக்கும் ‘அக்விட்டல்’ வேறு. அதற்கே விடுதலை என்பது பொருந்தும்.

பொறுப்பைக் குறிக்கும் இடத்தில் ‘தி’ என்ற சின்னஞ்சிறு சொல் வாக்கியத்தைத் தலைகீழாக்கிவிடும். ‘தி நர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஆஃப் தி சைல்டு’ என்றால் செவிலியர் குழந்தைக்குப் பொறுப்பாக இருக்கிறார். ‘தி சைல்டு இஸ் இன் தி சார்ஜ் ஆஃப் தி நர்ஸ்’ என்றால் குழந்தை செவிலியரின் பொறுப்பில் இருக்கிறது. இங்கு ஒருபொருட் சொற்களாக வருபவற்றுள் ‘கேர்’ அன்போடு கூடிய பராமரிப்பையும், ‘கஸ்டடி’ சட்டப்படியான காவலையும், ‘சூப்பர்விஷன்’ மேற்பார்வையையும் குறிக்கும். அரசுச் செய்திகளில் ‘அடிஷனல் சார்ஜ்’ என்றால் கூடுதல் பொறுப்பு. அதைக் கூடுதல் கட்டணம் என்று எழுதிவிடக் கூடாது. நிலப் பத்திரங்களில் வரும் ‘சார்ஜ்’ இன்னொரு வகை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 100ஆம் பிரிவில், அடமானமாக அமையாமல் ஒரு தொகைக்கு ஈடாக அசையாச் சொத்து பிணைக்கப்படுவதை இச்சொல்லால் குறிக்கிறது. வீடு வாங்குவோர் இதனைக் கட்டணம் என்று எண்ணிக் கடந்துவிடாமல், வழக்கறிஞரிடம் காட்டித் தெளிவு பெற வேண்டும்.

தாக்குதல் பொருளில் சிக்கல் குறைவு. யானை சார்ஜ் செய்தால் ‘பாய்ந்து வந்தது’ அல்லது ‘துரத்தியது’ என்றும், லத்தி சார்ஜ் என்றால் தடியடி என்றும் எழுதலாம். அறிவியலில் ‘எலெக்ட்ரிக் சார்ஜ்’ என்பது மின்னூட்டம், அதன் அலகு கூலும். மின் வாரிய ரசீதில் வரும் ‘எலெக்ட்ரிசிட்டி சார்ஜஸ்’ மின் கட்டணம். பன்மை விகுதியோடு வந்து அருகில் ரூபாயும் இருந்தால் அது பெரும்பாலும் பணமே. ‘ரீசார்ஜ்’ என்பதும் இடத்துக்கு இடம் மாறும். கைபேசித் திட்டத்துக்கு அதையே வைத்துக்கொள்ளலாம், நிலத்தடி நீருக்கு வரும்போது செறிவூட்டல் என்று எழுத வேண்டும்.