காலித் தட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்: தாய்ப்பூனையும் குட்டிகளும் வீட்டில் இருக்கும்போது செய்யக்கூடாதவை

போன வாரம் ஒரு பெண் வீடியோ அனுப்பியிருந்தாள். முதல் முறையாக ஒரு தாய்ப்பூனையையும் அதன் மூன்று குட்டிகளையும் தத்து போகும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். வீடியோவில் பூனையும் இல்லை, குட்டியும் இல்லை. கழுவிக் கவிழ்த்ததுபோல் பளபளவென்று ஒரு காலித் தட்டு மட்டும். கூடவே ஒரு கேள்வி: "அக்கா, நாலரை வாரத்துலயே எல்லாத்தையும் காலி பண்ணிடுதுங்க. அம்மாவைத் தனி ரூமுக்கு மாத்திடவா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. அவளாவது கேட்டாள். நான் யாரையும் கேட்காமலேயே கதவைச் சாத்தியவள்.

பசும்பால் வைக்காதீர்கள், நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். பூனைகளோடு கொஞ்ச நாள் பழகி, நமக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு வந்த பிறகு செய்யும் தவறுகள் வேறு.

காலித் தட்டை நம்புவது

அப்போது என்னிடம் நான்கு குட்டிகள். இரண்டு கறுப்பு, ஒன்று செம்பட்டை, கடைசியாக ஒரு சாம்பல் பொடிசு. நான்கு வாரம் முடிந்ததும், குட்டிகளுக்கான ஈர உணவில், பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடரை வெந்நீர் விட்டுக் கரைத்து ஊற்றி, கூழாக்கி வைத்தேன். முதல் இரண்டு நாள் அதில் நடந்தார்கள். மூன்றாம் நாள் முகத்தை முக்கினார்கள். நான்காம் நாளிலிருந்து தட்டு காலி. நான் வைத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போவேன், திரும்பி வந்தால் ஒரு பருக்கை மிஞ்சியிருக்காது. எனக்கு ஒரே பெருமை.

தாய் மெலிந்து போயிருந்தாள். பாவம், இனி ஓய்வெடுக்கட்டும் என்று ஐந்தாவது வாரத்தின் கடைசியில் அவளைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டேன்.

இரண்டாம் நாள் இரவு, சாம்பல் குட்டி மூலையில் தனியாகக் கிடந்தது. தூக்கினால் துணிபோல் தொங்கியது. காதும் பாதமும் சில்லென்று இருந்தன. பதறிப்போய் வாயில் பாலைப் புகட்டப் பார்த்தேன். அதுவும் தவறு. குளிர்ந்துபோன குட்டிக்கு எதுவும் செரிக்காது, முதலில் உடம்பைச் சூடேற்ற வேண்டும் என்பது மருத்துவரிடம் திட்டு வாங்கிய பிறகுதான் தெரிந்தது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருந்தது. இவ்வளவு சின்ன உடம்பில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இருக்காது. சில வேளை பட்டினி கிடந்தாலே இந்த நிலைக்கு வந்துவிடும். தராசில் 365 கிராம் காட்டியது. அதே வயது செம்பட்டைக் குட்டி 540.

"நேத்து எவ்வளவு இருந்துச்சு?" என்று மருத்துவர் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. நான் எடையே போட்டதில்லை. இன்றைக்கும் நினைத்தால் என் மேல் எரிச்சல் வருவது இந்த ஒரு இடத்தில்தான். சமையலறையில் கிராம் கணக்கில் காட்டும் தராசு இருந்தது. அதில் மாவு அளந்துகொண்டிருந்தேன்.

சரி, தட்டை யார் காலி செய்தது? தாய்தான். பால் கொடுக்கும் பூனை வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பிடும். மணக்க மணக்கக் கூழை வைத்துவிட்டு நான் முதுகைத் திருப்பினால் அவள் சும்மா இருப்பாளா? சாம்பல் குட்டியின் தாடையெல்லாம் கூழ் ஒட்டியிருந்ததைப் பார்த்து அதுவும் சாப்பிட்டது என்று நம்பியிருந்தேன். அது மற்றவர்கள் மிதித்துப் பூசிவிட்டது. வயிறு உருண்டையாக இருந்தது தாய்ப்பாலால். கதவைச் சாத்தியதும் அதன் ஒரே சாப்பாடும் நின்றுவிட்டது.

செலவு அதோடு முடியவில்லை. பால் கட்டிக்கொண்டு தாய்க்கு மடி வீங்கியது. இரண்டு காம்புகள் கல்லாக இறுகி, தொட்டால் கொதித்தன. அவளுக்கும் மருந்து. சாம்பல் குட்டிக்கு இரவும் பகலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் ஊட்டல். பதினோரு நாள் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. இரண்டும் பிழைத்தன.

இப்போது நான் செய்வது இதுதான். குட்டிகள் வந்த அன்றே தராசு வெளியே வந்துவிடும். தினமும் ஒரே நேரத்தில், சாப்பாட்டுக்கு முன்னால், ஒவ்வொரு குட்டியாக எடை. நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏறினால் நிம்மதி. ஒரு நாள் ஏறாமல் நின்றால் அந்தக் குட்டிக்குத் தனித் தட்டு, கூடவே என் கண்காணிப்பு. இறங்கினால் அன்றைக்கே மருத்துவர். நான்கு வாரக் குட்டி தராசில் நிற்காது. ஆழமான கிண்ணத்தை வைத்து, அதன் எடையைப் பூஜ்யமாக்கி, குட்டியை உள்ளே விடுங்கள். எண் துள்ளும். அது மூலையை முகரும் ஒரு நொடி அசையாமல் நிற்கும், அப்போது படித்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே சாப்பிடுகிறதா என்று பார்க்க வேண்டுமா? தாயை இருபது நிமிடம் கதவுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டுத் தட்டை வையுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குட்டியை நிறுத்துப் பாருங்கள். எடையில் கூடியதுதான் உள்ளே போனது. இடையில் மூத்திரம் போய்விட்டால் கணக்கு உதைக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முகத்திலும் காலிலும் ஒட்டியிருப்பதைத் துடைத்த பிறகு நிறுக்க வேண்டும். அந்தச் சாம்பல் குட்டியை அன்றைக்கு அப்படியே நிறுத்திருந்தால் ஏழெட்டு கிராம் கூழையும் சேர்த்துக் காட்டியிருக்கும்.

ஒரே நாளில் பிரிப்பது

பால் மறப்பது நான்காம் வாரத்தில் தொடங்கும், எட்டாம் வாரம்வரை இழுக்கும். அதை நடத்துபவள் தாய். பாதிப் பாலில் எழுந்து போவாள். காம்பு தெரியாதபடி வயிற்றைத் தரையோடு அழுத்திப் படுப்பாள். சீறுவாள், ஒரு தட்டும் தட்டுவாள். பார்க்கிறவர்கள் "என்ன கல்நெஞ்சக்காரி" என்பார்கள். அவள் தன் வேலையைத்தான் செய்கிறாள், திட்டாதீர்கள். குட்டிகளுக்கு எட்டாத உயரத்தில் அவளுக்கு ஒரு இடம் மட்டும் கொடுங்கள். மேசையோ அலமாரித் தட்டோ போதும். அவள் அங்கே தங்கும் நேரம் தானாகவே கூடும், பாலும் மெல்லக் குறையும், மடியும் வீங்காது. கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டிகள் கற்பதும் இந்த வாரங்களில்தான், அவளிடமும் கூடப்பிறந்தவர்களிடமும்.

தாயின் தட்டைச் சுருக்குவது

குட்டிகள் கூழ் சாப்பிடத் தொடங்கினாலும் அவள் இன்னும் பால் கொடுக்கிறாள். குட்டிகளுக்கான உணவையே அவளுக்கும் வையுங்கள், தாராளமாக.

மல்லாக்கப் போட்டு ஊட்டுவது

மனிதக் குழந்தையைப் போல் மல்லாக்கப் பிடித்து ஊசிக்குழாயில் பால் பீய்ச்சினால் அது நுரையீரலுக்குள் போகும். வயிறு கீழே இருக்க வேண்டும், தலை நேராக, துளித்துளியாக.

மலத்தட்டில் ஈரம் பட்டால் கட்டியாகும் மணல்

வேண்டாம். இந்த வயதில் தின்று பார்ப்பார்கள்.

"பால் கொடுக்கிற பூனை சினையாகாது"

யார் கிளப்பிவிட்டார்களோ! குட்டி போட்ட சில வாரங்களிலேயே, பால் கொடுத்துக்கொண்டே, தாய் மறுபடி கடுவனைக் கூப்பிடத் தொடங்கலாம். உருளுவாள், பின்பக்கத்தைத் தூக்குவாள், இரவெல்லாம் கத்துவாள். ஒரு தடவை வலி என்று நினைத்து மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் சிரித்துவிட்டு, ஜன்னலைச் சாத்தச் சொன்னார். ஒரு நிமிஷ வேலை போதும். ஏறத்தாழ 63 முதல் 65 நாளில் அடுத்த ஈடு தயார். குட்டிகள் பால் மறந்ததும் கருத்தடைக்கு எப்போது வரலாம் என்று இப்போதே கேட்டு வையுங்கள். அதுவரை ஜன்னல், கதவு, பால்கனி எல்லாம் மூடியே இருக்கட்டும்.

பேதியை "உணவு மாறினதாலதான்" என்று விடுவது

பாதி நேரம் அது சரிதான். மீதி நேரம்தான் பிரச்சினை. உருளைப்புழு தாய்ப்பாலின் வழியாகவே குட்டிகளுக்கு வரும், அதனால் பூச்சி மருந்து குட்டிகளுக்கு மட்டும் போதாது, தாய்க்கும் வேண்டும். அளவு எடையைப் பொறுத்தது. தராசு மறுபடி! பேதியோடு வாந்தி, சாப்பிட மறுப்பது, சுருண்டு கிடப்பது என்று ஏதாவது சேர்ந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். குட்டிகளை நொடியில் சாய்க்கும் பார்வோ வைரஸ் பூனைகளுக்கும் உண்டு. அது வீட்டுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்து வரும் குட்டிகளையும் பிடிக்கும்.

கையை விளையாட்டுப் பொருளாக்குவது

ஆறு வாரத்தில் கூசும். ஆறு மாதத்தில் ரத்தம் வரும்.

அந்தப் பெண்ணிடம் இவ்வளவும் சொல்லவில்லை. தாயை இருபது நிமிடம் வெளியே விட்டுவிட்டுத் தட்டை வை, அப்புறம் பேசலாம் என்றேன். அரை மணி நேரம் கழித்து ஒரு படம் வந்தது. தட்டில் கூழ் வைத்தது வைத்தபடி இருந்தது. இரண்டு குட்டிகள் தட்டின் விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தன. மூன்றாவது நடுவில்.

"அக்கா, இது அதுலயே படுத்துத் தூங்கிடுச்சு."