கவுன்சிலா என்எச்எஸ்ஸா: இங்கிலாந்து ஜாயின்ட் கமிஷனிங்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்கு தெரபி கேட்டா கவுன்சில் (உள்ளூராட்சி) என்எச்எஸ்ஸ (அரசு மருத்துவ சேவை) கை காட்டும், என்எச்எஸ் கவுன்சில கை காட்டும், நடுவுல பெத்தவங்க அலைவாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து திட்டம் போட்டு சேவைய ஏற்பாடு பண்றதுதான் ஜாயின்ட் கமிஷனிங். இங்க முதல் தப்பு, "ரெண்டு பேரும் சேர்ந்து செய்யணும்னா யாரையும் தனியா கேக்க முடியாது"ன்னு நம்பிடறது.

இப்படி சேர்ந்து செய்யணும்னு சொல்ற சட்டங்களுக்குப் பின்னாடி ஒரு குழந்தையோட சாவு இருக்கு. 2000ல லண்டன்ல விக்டோரியா கிளிம்பிங்கிற எட்டு வயசுப் பொண்ண வீட்லயே சித்ரவதை பண்ணி கொன்னாங்க. சோஷியல் சர்வீஸ், போலீஸ், ஆஸ்பத்திரின்னு எல்லாரும் பாத்த குழந்தை, ஆனா யாரும் காப்பாத்தல. 2003ல அந்தச் சாவ விசாரிச்ச லேமிங் அறிக்கை, 2004ல சில்ட்ரன் ஆக்ட், அதுல எல்லாரும் ஒத்துழைக்கணும்னு கடமையே வந்துச்சு. அப்புறம் 2014 சில்ட்ரன் அண்ட் ஃபேமிலீஸ் ஆக்ட், அதோட 26வது பிரிவு ஜாயின்ட் கமிஷனிங்க கட்டாயமாக்குது, அதுவும் சும்மா மீட்டிங் போட சொல்லல, எந்த சேவைய யார் தரணும், அவங்களுக்குள்ள தகராறு வந்தா எப்படி தீர்க்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணி வைக்க சொல்லுது. அதனால உங்கள அலைய விட்டா "26வது பிரிவுப்படி உங்க ஏற்பாடு என்ன"ன்னு எழுத்துல கேளுங்க, வாய்ல கேக்காதீங்க.

பெரிய தப்பு இஎச்சி பிளான்ல, அதாவது பிள்ளைக்கு என்ன படிப்பு, மருத்துவ, பராமரிப்பு உதவி தரணும்னு எழுதற சட்டபூர்வ ஆவணத்துல நடக்குது. ஸ்பீச் தெரபி ஆஸ்பத்திரி சமாச்சாரம்னு நெனச்சு ஹெல்த் பகுதியான செக்‌ஷன் ஜியில போட விட்டுடறாங்க. பேச்சும் மொழியும் படிப்புக்கு அடிப்படை, அதனால அது பெரும்பாலும் செக்‌ஷன் எஃப்ல, அதாவது படிப்பு உதவிக்கான பகுதியில வரணும், அங்க இருந்தா என்எச்எஸ் ஆள் இல்லன்னு சொன்னாலும் ஏற்பாடு பண்ண வேண்டியது கவுன்சில்தான். எஃப்ல வந்தாலும் "தேவைப்படும்போது தெரபி வசதி"ன்னு எழுதியிருந்தா ஒத்துக்காதீங்க ப்ளீஸ், "வாரம் ஒரு தடவை, 30 நிமிஷம், தெரபிஸ்ட் நேர்ல"ன்னு இருந்தாதான் நாளைக்கு கேள்வி கேக்க முடியும்.

பழைய லெட்டர் பாத்து சிசிஜிக்கு (உள்ளூர் என்எச்எஸ் சேவைகள ஏற்பாடு பண்ணின பழைய அமைப்பு) எழுதாதீங்க, 2022 ஜூலையில அத கலைச்சுட்டு அந்த வேலைக்கு ஐசிபி வந்தாச்சு. ரெண்டு பேருக்கும் பொதுவான பட்ஜெட் இல்லங்கிறதும் சாக்கு தான், பணத்த ஒண்ணா போடலாம்னு 2006 என்எச்எஸ் சட்டத்துல இருக்கு, போட்டாத்தான் சேவைன்னு இல்ல.

18 ஆச்சுன்னா முடிஞ்சுதுன்னு விட்டுடாதீங்க. படிப்போ பயிற்சியோ இன்னும் தேவைப்பட்டா பிளான் 25 வயசு வரைக்கும் நீளலாம். ஆனா இதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும், ஸ்காட்லாந்துலயும் வேல்ஸ்லயும் சட்டம் வேற.