சிப்பிக் கொத்தோடு வந்த நண்டு எது?

கடியபட்டினம் பாறையில் முங்கி எடுத்த சிப்பி வீட்டுக்கு வந்தால், கழுவும் முன் ஒரு கொத்தைச் சித்தி எனக்கென்று ஒதுக்கி வைப்பார். அது நேராக என் கடல்நீர்த் தொட்டிக்குப் போகும். கூடவே, சிப்பி நாருக்குள் பதுங்கிய விரல்நக அளவு நண்டு ஒன்றும் போகும். ‘ஏதோ ஒரு ஞண்டு, கிடக்கட்டும் மக்கா’ என்பார் சித்தி. நானும் அப்படி ஒன்றை விட்டுவைத்தேன். பாசி நிறத்தில் இருந்ததால் பாசிதான் தின்னும் என்று நினைத்துவிட்டேன். இரண்டு மாதத்தில் என் கோபி மீன்கள் இரண்டும் போயின. அது நீச்சல் நண்டின் குஞ்சு.

அதிலிருந்து நிறத்தைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். சந்தையில் முக்கண் நண்டை முதுகிலுள்ள மூன்று பொட்டை வைத்தே சொல்லிவிடலாம், சிலுவை நண்டை அதன் குறியை வைத்துச் சொல்லலாம். நகம் அளவுக் குஞ்சில் அதை நம்ப முடியாது. காலையும் ஓட்டின் விளிம்பையும்தான் பார்க்க வேண்டும்.

பகலில் வெளியே வராது. இரவு விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் விட்டு, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிப் பாருங்கள். பிடிக்க வேண்டுமென்றால் ஒரு கண்ணாடி டம்ளரில் இறால் துண்டு போட்டு, வாய் பாறையில் படும்படி சாய்த்து வையுங்கள். உள்ளே இறங்கிய நண்டுக்கு வழுக்கும் கண்ணாடியில் ஏறத் தெரியாது.

முதலில் கடைசிக் கால். அதன் நுனி துடுப்பு மாதிரி தட்டையாக இருந்தால் நீச்சல் நண்டு. மீன் வளர்க்கும் தொட்டியில் அதற்கு இடமில்லை. நுனி கூராக இருந்தால் கொடுக்கை விட்டுவிட்டு மற்றக் கால்களை எண்ணுங்கள். பக்கத்துக்கு நான்கு இருந்தால் அசல் நண்டு. மூன்றுதான் தெரிகிறது, மீசையும் நீளமாக இருக்கிறது என்றால் அது பீங்கான் நண்டு. கொடுக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வாயருகே உள்ள விசிறியை வீசி நீரில் மிதப்பதை அரித்துத் தின்னும் சாது அது. கையால் பிடித்தால் மட்டும் கொடுக்கைக் கழற்றிப் போட்டுவிடும்.

ஓடு சதுரமாக, கண்கள் முன் மூலைகளில் இருந்தால் பாறை நண்டு. முட்டத்தில் அலையடிக்கும் பாறையில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நீருக்கு மேலே ஏறி உட்கார இடம் இல்லாவிட்டால் மூடி இடுக்கு வழியாக வெளியேறிவிடும். உடம்பெல்லாம் மயிர் இருந்தாலோ, கொடுக்கு நுனி கறுத்திருந்தாலோ, நத்தையை உடைத்துத் தின்னும் வகையாக இருக்கலாம். கறுத்த நுனிக்காரர்களில் சிலவற்றின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. தெரியாத நண்டைக் குழம்புக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

இதிலும் முடிவு தெரியாவிட்டால், சட்டை உரிக்கும்வரை காத்திருங்கள். ஒரு நாள் காலையில் நண்டு செத்துக் கிடப்பதுபோல் தோன்றும். தூக்கிப் பார்த்தால் எடையே இராது, நாற்றமும் இராது. பின்பக்கம் ஓடு மூடிபோல் திறந்திருக்கும். கண்ணை மூடியிருந்த தோல்கூடக் கண்ணாடிபோல் அப்படியே நிற்கும். அதை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி, வெள்ளைத்தாளில் வைத்து, பூதக்கண்ணாடியால் கண்ணுக்கு வெளிப்பக்க விளிம்பிலுள்ள முள்களை எண்ணுங்கள். உயிருள்ள நண்டிடம் இவ்வளவு நிதானம் கிடைக்காது. என் கோபிகளைத் தின்றது உரித்த சட்டையை இன்னும் தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். பக்கத்துக்கு ஒன்பது முள், ஒன்பதாவது மட்டும் ஊசியாக நீண்டிருக்கிறது. நீலக்கால் நண்டும் முக்கண் நண்டும் அந்தக் கூட்டம்தான். சிலுவை நண்டின் கூட்டத்துக்குப் பொதுவாக ஆறு.

அப்புறம் வயிற்று மடலையும் பாருங்கள். ஒடுங்கியிருந்தால் ஆண், வளர்ந்த பெண்ணுக்கு அகலம்.

சட்டை உரித்த நண்டை ஓடு கெட்டியாகும்வரை தொடாதீர்கள். அதன்பின், வேண்டாத நண்டு என்றால், சிப்பி எடுத்த அதே பாறைப் பக்கம் கொண்டுபோய் விடுங்கள். கடையில் வாங்கிய உயிர்களோடு ஒரே தொட்டியில் இருந்தது என்றால் கடலில் விட வேண்டாம், நோய் ஒட்டியிருக்கலாம். அதற்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டி வையுங்கள். நான் மயிர் நண்டு ஒன்றை அப்படித்தான் வளர்க்கிறேன், வாரம் இரண்டு முறை ஒரு துண்டு இறால் போதும்.