ரவுட்டர் இரண்டு இருந்தும் கீழ் அறையில் நெட் வரவில்லையா?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பாதி வீடுகள் சரிவில்தான் நிற்கின்றன. ரோட்டு மட்டத்தில் ஹால், பத்துப் படி இறங்கினால் சமையலறை, இன்னும் இறங்கினால் பிள்ளைகள் படிக்கிற அறை. பழைய வீடென்றால் ஒன்றரை அடி கருங்கல் சுவர் வேறு. இதற்கு ஒரு ரவுட்டர் போதாதுதான். ஆனால் இரண்டாவதையும் வாங்கி வைத்துவிட்டு, அப்புறமும் பிள்ளையைப் படிக்கட்டில் உட்காரவைத்து ஆன்லைன் வகுப்பு கேட்க வைக்கிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய தவறு அது.

முதலில் ரிப்பீட்டர், அதாவது ரவுட்டரின் வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி அனுப்புகிற பெட்டி. சிக்னலே எட்டாத அறையில் கொண்டுபோய் அதைச் செருகுகிறோம். தனக்குக் கிடைப்பதைத்தான் அது திருப்பிக் கொடுக்கும். கிடைப்பதே அரைகுறை என்றால் போனில் கோடு மட்டும் நிறையத் தெரியும், வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். பாதி வழியில், படி திரும்புகிற இடத்தில் வையுங்கள். அப்போதும், ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்புகிற சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது என்று அதையே நம்பி இருக்காதீர்கள், கல் சுவரைத் தாண்டுவதில் 2.4 எவ்வளவோ மேல்.

என்னைக் கேட்டால் மேல் ரவுட்டரிலிருந்து கீழ் ரவுட்டருக்கு கேட்-6 என்கிற நெட்வொர்க் ஒயர் ஒன்றை இழுத்துவிடுவதுதான் உருப்படியான வழி. 100 மீட்டர் வரை தாங்கும், நம் வீடுகளுக்கு அது தாராளம். கடையில் அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு கொடுத்த ஒயரை விலை குறைவு என்று நீட்டுவார்கள். முழுச் செம்பு வேண்டுமென்று கேட்டு வாங்குங்கள்.

ஒயர் இழுத்த பிறகுதான் பெரிய தவறு நடக்கிறது. போனில் வைஃபை முழுசாக இருக்கும், அடியில் ‘இணையம் இல்லை’ என்று வரும். காரணம், வீட்டில் இருக்கிற ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் ஒரு ஐபி எண் கொடுக்கிற டிஹெச்சிபி வேலையை இரண்டு ரவுட்டரும் ஒரே நேரத்தில் செய்கின்றன, பல நேரம் இரண்டின் சொந்த எண்ணும் 192.168.1.1 ஆகவே இருக்கும். அந்த வேலை முதல் ரவுட்டரோடு நிற்க வேண்டும். இரண்டாவதை முதலில் தனியாக லேப்டாப்பில் இணைத்து, அதன் எண்ணை மாற்றுங்கள்: முதல் மூன்று பகுதி அப்படியே இருக்கட்டும், கடைசிப் பகுதி மட்டும் முதல் ரவுட்டர் மற்றவற்றுக்குக் கொடுக்கிற வரிசையில் இல்லாததாக வேண்டும். பிறகு டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, ஒயரை லேன் (LAN, வீட்டுச் சாதனங்களை இணைக்கிற) போர்ட்டிலிருந்து லேன் போர்ட்டுக்குக் கொடுங்கள். வான் (WAN, வெளியிலிருந்து இணையம் வருகிற) போர்ட்டில் செருகினால் நெட் வந்தாலும் வீடு இரண்டு தனி நெட்வொர்க்காகப் பிரிந்துபோய், மேலே இருக்கிற பிரிண்டர் கீழே இருக்கிற லேப்டாப்புக்குத் தெரியாமல் போகும். செட்டிங்கில் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்றே ஒரு தேர்வு இருந்தால் இவ்வளவும் தேவையில்லை, அதைத் தொட்டாலே போதும். எந்த போர்ட் என்பதை மட்டும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2.4-இல் சேனல் 1, 6, 11 மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. மேலே 1 என்றால் கீழே 6 அல்லது 11 வையுங்கள்.

வீட்டுக்கு வெளியே ஒயர் போகிறதென்றால் கொஞ்சம் நிதானியுங்கள். எங்கள் வீட்டிலிருந்து இருபது மீட்டர் தள்ளி இருக்கிற அவுட்ஹவுஸுக்குச் செம்பு ஒயரைத்தான் இழுத்திருந்தோம். ஐப்பசி இடிமழையில் ஒரே ராத்திரி, இரண்டு ரவுட்டரிலும் அந்த ஒயர் செருகியிருந்த போர்ட் செத்துப்போனது. மின்னல் நேரடியாக விழ வேண்டியதில்லை, பக்கத்தில் இறங்கினாலே செம்பில் மின்சாரம் பாயும். இப்போது ஃபைபர் போட்டு, இரு முனையிலும் ஃபைபரின் ஒளியைச் செம்பு ஒயருக்கான சிக்னலாக மாற்றுகிற மீடியா கன்வர்ட்டர் வைத்திருக்கிறோம். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. இரும்புக் கம்பி சேராத ஃபைபராகப் பார்த்து வாங்குங்கள். குரங்கு பிடித்து இழுக்காமல் இருக்க அதைப் பைப்புக்குள் விட்டோம்.

கரண்ட் போனால் மேல் ரவுட்டருக்கு மட்டும் யுபிஎஸ் இருந்து பயனில்லை, கீழே இருப்பதற்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு வாட்ஸ்அப் கால் போட்டுப் பேசிக்கொண்டே ஹாலிலிருந்து கீழ் அறை வரை இறங்கிப் பாருங்கள். படி வளைவில் குரல் ஒரு நொடி வெட்டினால் பரவாயில்லை, போன் ரவுட்டர் மாறுகிறது. போன் தானாக மாற இரண்டு வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அழைப்பே நின்றுபோனால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு இடத்தில் பெரிய எழுத்தும் இன்னொரு இடத்தில் சின்ன எழுத்துமாக இருக்கும்.