தும்மினாலே பயமா?

குமுளி ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவருக்கு மழைக்காலத்தில் மூக்கு ஒழுகுவது சகஜம். எச்.ஐ.வி.க்கான ஏஆர்டி மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மட்டும் 'முற்றிவிட்டதோ' என்று தூக்கம் போய்விடும். செல்போனில் தேடாமல், ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று சொல்லும் கடைசி வைரல் லோடு சீட்டைப் பாருங்கள். வைரஸ் அடங்கியிருந்து, மாத்திரையும் விடாமல் போட்டிருந்தால் பெரும்பாலும் அது வெறும் சளிதான். இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை இவற்றில் ஒன்று இருந்தாலும் டிபி பரிசோதனை கேளுங்கள்.

பலர் கோட்டை விடுவது நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ஜெலுசிலில். டொலுடெகிராவிர் என்ற மருந்து கலந்த ஏஆர்டி மாத்திரையை அது வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரவிடாது. மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்துக் குடியுங்கள். முதலில் ஜெலுசில் குடித்துவிட்டால் மாத்திரைக்கு 6 மணி நேரம் பொறுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குப் பேசுங்கள், கட்டணமில்லை.