மரியோவின் டிராகனைத் தாண்டுவது எப்படி? 1-4 முதல் 8-4 வரை

சூப்பர் மரியோ பிரதர்ஸ் டிவி கேமில் 1-4 கோட்டை (முதல் உலகத்தின் நான்காவது ஸ்டேஜ்) வரைக்கும் தட்டுத் தடுமாறி வந்துவிட்டு, கடைசிப் பாலத்தில் நிற்கிற டிராகனிடம் மூன்று லைஃபையும் பறிகொடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேமைத் தொட்டதே இல்லை என்றாலும் பரவாயில்லை. பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டே ஆடுங்கள்.

நாம் டிராகன் என்று கூப்பிடும் ஆளின் பெயர் பவுசர். ஆமைக் கூட்டத்துக்கு ராஜா. நின்டெண்டோ நிறுவனம் 1985 செப்டம்பரில் ஜப்பானில் வெளியிட்ட சூப்பர் மரியோ பிரதர்ஸில்தான் முதலில் தலைகாட்டினான். ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்த கேம் அது. இளவரசியைத் தூக்கிக்கொண்டு போவது, மரியோவிடம் தோற்பது, அடுத்த கேமில் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து நிற்பது: அன்றிலிருந்து இதுதான் அவன் பிழைப்பு.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேமில் அவனை அடிக்கவே தேவையில்லை. அவன் நிற்கும் பாலத்தின் மறுமுனையில் ஒரு கோடரி இருக்கிறது. அதைப் போய்த் தொட்டால் போதும். பாலம் மறைந்து அவன் நெருப்புக் குழம்பில் விழுந்துவிடுவான். தோற்கிற பிள்ளைகளைப் பாருங்கள், எல்லாரும் அவன் தலைமேல் குதிக்கத்தான் பார்க்கிறார்கள். முள் இல்லாத மற்ற ஆமைகள் மிதித்தால் அடங்கிவிடும். இவனை மிதித்தால் நமக்குத்தான் அடி.

படி 1: பெட்டியையும் டிவியையும் சரிபாருங்கள்

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக் கடையில் வாங்கியதோ, பரண்மேல் கிடந்ததோ, கேசட் போடும் டிவி கேம் பெட்டி எதுவானாலும் இந்த வேலைக்குப் போதும். மஞ்சள் வயர் படத்துக்கு, வெள்ளை வயர் சத்தத்துக்கு. புது டிவிகள் பலவற்றில் இந்த ஓட்டைகளே இல்லை. அப்படியானால் ஏவி வயரை எச்டிஎம்ஐயாக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டால் தருவார்கள்.

பழைய டப்பா டிவியில் பட்டனை அழுத்திய நொடியே மரியோ குதிப்பான். எல்இடி டிவியில் ஒரு கண்ணிமைப்பு தாமதமாகலாம். சுழலும் நெருப்புக்கு நடுவில் அந்தத் தாமதம் ஒரு லைஃபைத் தின்றுவிடும். டிவி செட்டிங்கில் 'கேம் மோட்' இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கேமில் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. கரண்ட் போனால் 8-3 வரை வந்திருந்தாலும் மறுபடி 1-1தான். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாள் எது என்று பேப்பரில் பார்த்துவிட்டு உட்காருங்கள். நின்டெண்டோ சுவிட்சில் சந்தா கட்டி ஆடுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. நடுவில் சேமிக்கலாம், ரீவைண்டும் செய்யலாம்.

படி 2: விரலைப் பழக்குங்கள்

ஏ பட்டன் குதிக்க, பி பட்டன் ஓட. கேள்விக்குறிப் பெட்டியில் கிடைக்கும் பூவைத் தின்ற மரியோவுக்கு அதே பி பட்டன் நெருப்புண்டையும் வீசும். கட்டைவிரலின் நுனியை பி மேல் அழுத்தியபடி வைத்து, அடிப்பகுதியால் ஏ-யைத் தட்டப் பழகுங்கள். ஓடிக்கொண்டே குதிப்பது இப்படித்தான் வரும். 1-1 ஸ்டேஜிலேயே இதைச் சலிக்கும்வரை செய்யுங்கள்.

நம்மூர்ப் பெட்டிகளில் ஏ, பி தவிர மேலே இரண்டு டர்போ பட்டன்கள் இருக்கும். டர்போ பி-யை அழுத்திப் பிடித்தால் நெருப்புண்டை தானாகப் பறக்கும். ஆனால் திரையில் ஒரே நேரத்தில் இரண்டு உண்டைதான் இருக்க முடியும், அதனால் பெரிய லாபம் ஒன்றுமில்லை. பழகும்வரை டர்போவைத் தொடவேண்டாம் என்பது என் கருத்து.

படி 3: பெரிய மரியோவாகக் கோட்டைக்குள் போங்கள்

டிராகனோடு நடக்கும் மோதலில் பாதி கோட்டை வாசலுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. காளான் தின்று பெரியவனான மரியோ ஒரு அடி வாங்கினால் சின்னவனாவான், சாகமாட்டான். அடிபட்டபின் கொஞ்ச நேரம் உடம்பு மின்னி மின்னி மறையும் இல்லையா, அந்த நேரத்தில் எது பட்டாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாது. டிராகனுக்குள்ளேயே புகுந்து ஓடிப்போய்க் கோடரியைத் தொட்டுவிடலாம். முதல்முறை ஜெயிக்க இதைவிட லேசான வழி கிடையாது.

பூவும் கையில் இருந்தால் இன்னும் சௌகரியம். ஐந்து நெருப்புண்டை பட்டால் டிராகன் தலைகீழாக விழுந்துவிடுவான், 5000 பாயின்ட் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: பூ மரியோ அடிபட்டால் பெரிய மரியோவாகி நிற்கமாட்டான், நேராகச் சின்னவன்தான். பூ இருக்கிற தைரியத்தில் முன்னால் பாய்ந்துவிடாதீர்கள்.

படி 4: 1-4 கோட்டை

கோட்டை ஸ்டேஜ்களில் பாதிவழிக் கணக்கு இல்லை. எங்கே செத்தாலும் வாசலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதனால் அவசரம் வேண்டாம்.

உள்ளே நுழைந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கேள்விக்குறிப் பெட்டி இருக்கிறது. சின்னவனாக வந்திருந்தால் காளான் தரும், பெரியவனாக வந்திருந்தால் பூ தரும். அதை எடுக்காமல் போகாதீர்கள். அடுத்து சுழலும் நெருப்புக் கம்பிகள். கடிகார முள் மாதிரி ஒரே வேகத்தில் சுற்றும். ஒரு சுற்று முழுக்கப் பாருங்கள், கம்பி உங்களைத் தாண்டி மேலே ஏறும்போது பின்னாலேயே போய்விடுங்கள்.

டிராகன் கண்ணில் படுவதற்கு முன்பே வலப்பக்கமிருந்து தீ நாக்குகள் பறந்து வரத் தொடங்கும். ஒவ்வொன்றும் ஒரு உயரத்தில் வரும். மேலே வந்தால் நின்ற இடத்திலேயே இருங்கள். பெரிய மரியோவானால் கீழ் அம்பை அழுத்திக் குனியவைக்கலாம். தாழ்வாக வந்தால் குதியுங்கள். நடுவில் வருவதுதான் தொல்லை. அதற்குக் கொஞ்சம் பின்னால் வந்து, நேரம் எடுத்துத் தாண்டவேண்டும்.

இப்போது பாலம். டிராகன் முன்னும் பின்னும் நடப்பான், அவ்வப்போது எகிறிக் குதிப்பான். பாலத்தின் இடதுமுனையில் நின்று அவனை இரண்டு மூன்று தடவை குதிக்கவிட்டுப் பாருங்கள். எங்கள் அக்கா பையனுக்குச் சொல்லிக்கொடுத்தபோது இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டான்.

"மாமா, அவன் குதிக்கிறப்ப நானும் குதிக்கணுமா?"

"வேணாம் கண்ணு. அவன் மேல போறப்ப நீ கீழ ஓடு."

அவ்வளவுதான். அவன் கால் தரையை விட்டுக் கிளம்பியதும் பி-யை அழுத்தியபடி வலப்பக்கம் ஓடுங்கள். நின்று பார்க்காதீர்கள், பாதியில் திரும்பாதீர்கள். சின்ன மரியோவுக்கு இந்த இடைவெளி தாராளம். பெரியவனுக்குக் கொஞ்சம் நெருக்கடி. தலை இடித்தாலும் பெரியவன் சாகப்போவதில்லை, மின்னிக்கொண்டே போய்க் கோடரியைத் தொடுவான். டிராகன் தரையில் நிற்கும்போது ஓடிவந்து தலைக்குமேலே தாண்டுவதும் முடியும், ஆனால் அதே சமயம் தீயைத் துப்பினால் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜெயித்துப் போனால் இளவரசி இருக்கமாட்டாள். காளான் தலைக்காரன் ஒருவன் நன்றி சொல்லி, இளவரசி வேறு கோட்டையில் இருப்பதாகச் சொல்வான். மொத்தம் எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு ஸ்டேஜ், ஆக 32. ஏழு கோட்டைகளில் இதே பதிலைத்தான் கேட்கப்போகிறீர்கள்.

படி 5: போலி டிராகன்களை வைத்துப் பயிற்சி எடுங்கள்

முதல் ஏழு கோட்டைகளில் நிற்பவன் பவுசரே இல்லை. கோடரியால் ஜெயித்தால் இது தெரியாது. நெருப்புண்டையால் அடித்து வீழ்த்திப் பாருங்கள், வேஷம் கலையும். 1-4இல் இருப்பது காளான் மாதிரி நடந்துவரும் கூம்பா. 2-4இல் பச்சை ஆமை, 5-4இல் மேகத்தில் உட்கார்ந்து முள் ஆமை வீசும் லகிட்டு, 7-4இல் சுத்தி வீசும் ஆமை. எட்டாவது உலகத்தில் மட்டும் நிஜ ஆள்.

ஐந்தாம் உலகம் வரைக்கும் அவன் தீ மட்டும்தான் துப்புவான். ஆறிலும் ஏழிலும் தீ இல்லை, சுத்தியாகப் பொழிவான். சுத்திகள் வளைந்து மேலே ஏறித்தான் இறங்கும் என்பதால் தலைக்குமேல் தாண்டும் யோசனையை இங்கே விட்டுவிடுங்கள். அவன் எகிறும்போது சுத்தியும் அவனோடு உயரப்போகும், கீழே வழி திறக்கும். 1-4இல் பழகிய அதே ஓட்டம்தான். காத்திருப்பது மட்டும் அதிகம். கடைசி உலகத்தில் தீ, சுத்தி இரண்டும் சேர்ந்து வரும்.

4-4, 7-4 இரண்டும் சுற்றுக் கோட்டைகள். மேல்வழியா கீழ்வழியா என்று தப்பாகப் போனால் அதே இடம் திரும்பத் திரும்ப வரும். பார்த்த இடத்தையே மறுபடி பார்த்தால் உடனே வழியை மாற்றுங்கள், நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

குறுக்குவழியும் உண்டு. 1-2இல் கடைசியில் வரும் லிஃப்ட்டிலிருந்து செங்கல் கூரைமேல் ஏறி, வெளியே போகும் குழாயையும் தாண்டி வலப்பக்கமே நடந்தால் மூன்று குழாய்கள் நிற்கும். இடதில் இருப்பது நேராக நான்காம் உலகம். 4-2இல் ஒரு செங்கலுக்குள் கொடி ஒளிந்திருக்கிறது. அதைப் பிடித்து ஏறினால் எட்டாம் உலகத்துக்கே குழாய் இருக்கிறது. 32 ஸ்டேஜ் எட்டாகச் சுருங்கிவிடும். தொடக்கக்காரர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். சுத்தி வீசும் டிராகனை ஒருமுறைகூடப் பார்க்காமல் 8-4இல் போய் நின்றால் கை நடுங்கும்.

படி 6: லைஃப் சேர்ப்பதும், விட்ட இடத்தில் தொடங்குவதும்

3-1 முடிவில் படிக்கட்டில் இரண்டு ஆமைகள் இறங்கிவரும். முதலாவதை விட்டுவிட்டு, இரண்டாவது படியின்மேல் இருக்கும்போது மிதியுங்கள். ஆமையின் ஓடு படியில் முட்டி முட்டித் திரும்ப, மரியோ அதன்மேலேயே துள்ளிக்கொண்டிருப்பான். பாயின்ட் ஏறி ஏறி, பிறகு ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு லைஃப். ஆசைக்கு அளவு வையுங்கள்: 127க்கு மேல் போனால் கணக்கு குழம்பி, அடுத்த சாவிலேயே கேம் ஓவர் ஆகிவிடும்.

இதைவிட முக்கியமானது இது. கேம் ஓவர் ஆனபின் முதல் திரை வரும்போது ஏ-யை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டைத் தட்டினால், செத்த உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்து ஆடலாம். 8-4இல் செத்தால் 8-1. பெட்டியின் ரீசெட்டை மட்டும் தட்டிவிடாதீர்கள், கேசட் பட்டியலுக்குப் போய்விடும், எல்லாம் போச்சு.

படி 7: 8-4

எட்டாம் உலகத்தில் எந்த ஸ்டேஜிலும் பாதிவழிக் கணக்கு இல்லை. 8-1 நீளமானது, தரப்படும் நேரமோ 300தான், வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தால் நேரமே கொன்றுவிடும். 8-3இல் சுத்தி ஆமைகள் ஜோடி ஜோடியாக நிற்கும். இங்கெல்லாம் பெரிய மரியோவைக் காப்பாற்றிக்கொண்டு வருவதுதான் வேலை.

8-4 குழாய்களால் ஆன புதிர். தப்பான குழாயில் இறங்கினால் தொடக்கத்துக்கே தள்ளிவிடும், எதிலும் இறங்காமல் நடந்துகொண்டே இருந்தால் அதே இடம்தான் சுற்றிவரும். ஒரு பேப்பரில் எந்த இடத்தில் எந்தக் குழாய் எங்கே கொண்டுபோனது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். எல்லாரும் திணறுவது அந்தரத்தில் தொங்கும் ஒரு குழாயில். எட்டாத உயரம். அதன் அருகில் கண்ணுக்குத் தெரியாத கல் ஒன்று இருக்கிறது. கீழே நின்று குதித்துக் குதித்துத் தலையால் முட்டினால் வெளியே வரும். அதன்மேல் ஏறிக் குழாய்க்குள் இறங்குங்கள்.

பிறகு தண்ணீருக்குள் ஒரு பகுதி, அங்கேயும் நெருப்புக் கம்பி சுற்றும். தண்ணீரில் நெருப்பு எப்படி என்று கேட்காதீர்கள். ஏ-யை மெதுவாகத் தட்டித் தட்டி நீந்துங்கள். வெளியே வந்தால் ஒரு சுத்தி ஆமை வழிமறிக்கும், அவனைத் தாண்டினால் நிஜ பவுசர்.

பூ இருந்தால் தூரத்தில் நின்று ஐந்து உண்டை. இல்லையென்றால் சுத்தி வந்து விழாத தூரத்தில் நின்று தீ நாக்கை மட்டும் தாண்டிக்கொண்டிருங்கள், அவன் எகிறும்வரை. எகிறியதும் ஓட்டம். கோடரிக்கு அந்தப்பக்கம் இந்த முறை இளவரசி இருப்பாள்.

அதன்பின் முதல் திரையில் பி-யைத் தட்டி உலகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கேம் கடுமையாகியிருக்கும்: கூம்பாக்கள் இருந்த இடத்திலெல்லாம் நெருப்புண்டைக்கு அசையாத கறுப்பு ஓட்டு வண்டுகள் வரும்.

வேறு மரியோ ஆடுகிறீர்களா?

கோடரி வித்தை எல்லாக் கேமிலும் செல்லாது. 1988இல் ஜப்பானில் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3இல் அவன் உயரக் குதித்து உங்கள்மேல் விழப்பார்ப்பான், விழுகிற இடத்துச் செங்கல் உடையும். ஒரே இடத்துக்கு அவனை வரவழைத்து வரவழைத்து விலகுங்கள், தன் எடையாலேயே ஓட்டைபோட்டு உள்ளே போய்விடுவான். 1990இன் சூப்பர் மரியோ வேர்ல்டில் கோமாளி முகம் போட்ட பறக்கும் வண்டியில் வருவான். அவன் போடும் இயந்திர ஆமையை மிதித்து, எடுத்து, அவன் நேர்கீழே நின்று மேல்நோக்கி எறியவேண்டும். ஆறு தடவை பட்டால் முடிந்தது. இரண்டு தடவைக்கு ஒருமுறை இளவரசி ஒரு காளான் போடுவாள், அதைத் தவறவிடாதீர்கள். 1996இன் சூப்பர் மரியோ 64இல் பின்னால் போய் வாலைப் பிடித்து, சுழற்றி, ஓரத்தில் இருக்கும் குண்டின்மேல் எறியவேண்டும். முதல் இரண்டு மோதலில் ஒரு எறி போதும், கடைசி மோதலில் மூன்று. இரண்டாவது எறிக்குப் பிறகு தரை நட்சத்திர வடிவில் உடைந்துவிடும், அதனால் நடுவில் நின்றே வாலைப் பிடிக்கப் பாருங்கள்.