நீலத்திரை என்றால் வெற்றுக் கேசட் என்று பொருளில்லை: பழைய டேப்புகளுக்குக் கேம்கார்டர் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையைப் பொழுதுபோக்காகத் தொடங்கினேன். இப்போது உறவினர், நண்பர், நண்பரின் நண்பர் என்று எல்லோருடைய அட்டைப்பெட்டிகளும் என் மேசைக்கு வந்து சேருகின்றன. கேசட்டை மட்டும் கொண்டுவருபவர்களால் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. அதை ஓட்டிப் பார்ப்பதற்கென்று முந்தின வாரம் யாரிடமோ வாங்கிய பழைய கேம்கார்டரையும் சேர்த்துக் கொண்டுவருபவர்களைக் கண்டால்தான் மனம் நோகிறது. உறையைப் பிரிக்கும் முன்பே அவர்கள் எங்கே தவறியிருப்பார்கள் என்பது தெரிந்துவிடுகிறது; அவை அனைத்தும் நானே செய்து முடித்த தவறுகள்.

உடைந்த கேமராவை வாங்காதீர்கள், படம் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள் என்பவற்றையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. கவனமாக இருப்பவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

கேசட்டைப் பார்க்கும் முன் கேமராவைத் தேடுவது

"எங்கள் வீட்டில் இருப்பது ஹேண்டிகேம் கேசட்" என்று சொல்வார்கள். அந்தச் சொல்லிலிருந்து எதையும் அறிய முடியாது. ஹேண்டிகேம் என்பது சோனி தன் கேமராக்களுக்கு வைத்த பெயர். அந்தப் பெயரில் வெவ்வேறு அளவுள்ள பல கேசட்டுகளை ஏற்கும் கேமராக்கள் வந்திருக்கின்றன. ஆகவே முதலில் ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு கேசட்டை அளக்க வேண்டும்.

ஏறத்தாழ 95 மில்லிமீட்டர் நீளமும் 62 மில்லிமீட்டர் அகலமும் இருந்தால், அது எட்டு மில்லிமீட்டர் குடும்பம். பார்வைக்கு ஆடியோ கேசட்டைப் போலவும், அதைவிடச் சற்றுத் தடித்தும் இருக்கும். 66 மில்லிமீட்டர் நீளத்தில் உள்ளங்கைக்குள் அடங்கினால் மினி-டிவி (MiniDV). அதைவிடவும் சிறியதாக இருந்தால் மைக்ரோ-எம்வி. 2001இல் வந்து சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்ட அந்த வகைக்குக் கேமரா தேடுவது தனிப் பாடு. தடித்த, குட்டி விஎச்எஸ் கேசட்டைப் போல இருப்பது விஎச்எஸ்-சி. அதற்குக் கேம்கார்டரே தேவையில்லை; பெரிய விஎச்எஸ் கேசட்டின் வடிவில் உள்ள அடாப்டருக்குள் வைத்து, சாதாரண விசிஆரில் ஓட்டிவிடலாம்.

மினி-டிவி கேசட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. 2003க்குப் பிறகு எச்டிவி (HDV) என்ற உயர்தெளிவு முறை வந்தது. அதுவும் இதே கேசட்டில்தான் பதிவாகும். எச்டிவி கேமரா பழைய டிவி (DV) பதிவை ஓட்டும், ஆனால் பழைய கேமராவால் எச்டிவி பதிவை ஓட்ட முடியாது. கேசட்டை வெளியிலிருந்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்த வேறுபாடு தெரியாது. எந்தக் கேமராவில் எடுத்தது என்று எடுத்தவரைக் கேட்பதே உறுதியான வழி.

டிஜிட்டல்-8 என்று எழுதியிருந்தால் போதும் என்று நம்புவது

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இந்தத் தவறுதான். இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும்.

எட்டு மில்லிமீட்டர் குடும்பத்தில் மூன்று தலைமுறைகள் உண்டு. 1980களின் நடுவில் வீடியோ-8 பரவியது. அதே கேசட் வடிவில் இன்னும் தெளிவான படத்தோடு 1989இல் ஹை-8 வந்தது. அதே வடிவை வைத்துக்கொண்டு, உள்ளே எண்முறையில் பதியும் டிஜிட்டல்-8 முறையை 1999இல் சோனி அறிமுகப்படுத்தியது. ஹை-8 கேமரா வீடியோ-8 பதிவை ஓட்டும். வீடியோ-8 கேமராவில் ஹை-8 பதிவு சரியாக ஓடாது. டிஜிட்டல்-8 கேமராக்களில் பெரும்பாலானவை மூன்றையுமே ஓட்டும். அதனால்தான் இந்த வேலைக்கு எது வாங்கலாம் என்று யாரைக் கேட்டாலும், கண்ணை மூடிக்கொண்டு டிஜிட்டல்-8 வாங்கு என்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். "பெரும்பாலானவை" என்ற சொல்லை மட்டும் எவரும் சொல்லவில்லை.

தொடக்கக் கால டிஜிட்டல்-8 கேமராக்களில் இருந்த அந்தப் பழைய முறை வாசிப்பு வசதி, பின்னாளில் வந்த விலை குறைந்த சில மாடல்களில் நீக்கப்பட்டது. பழைய பதிவு அலை வடிவில் இருக்கும். டிஜிட்டல்-8 பதிவு வெறும் எண் தரவு. அலையை வாசித்துப் படமாக்குவதற்குத் தனிச் சுற்றுகள் வேண்டும். அவை இல்லாத கேமராவில் ஹை-8 கேசட் அழகாகப் பொருந்தும், மூடி மூடும், நாடாவை வாசிக்கும் டிரம் சுழலும், கவுண்டரும் ஓடும், ஆனால் படம் மட்டும் வராது. வெளித்தோற்றத்தில் இரண்டு மாடல்களும் அண்ணன் தம்பி போல இருக்கும்.

நான் வாங்கியது அந்தத் தம்பியை. கேசட்டுகள் என் பெரியம்மா வீட்டிலிருந்து வந்தவை, மொத்தம் 11. முதல் கேசட்டைப் போட்டேன், நீலத்திரை. முன்னே ஓட்டினேன், நீலத்திரை. ஐந்து இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், சத்தமும் இல்லை, படமும் இல்லை. இரண்டாவது கேசட்டும் அப்படியே. மூன்றாவது மட்டும் உடனே பளிச்சென்று ஓடியது. அது பிற்காலத்தில் டிஜிட்டல்-8 கேமராவிலேயே எடுக்கப்பட்டது என்பதை நான் அறியவில்லை. அது ஓடியதால் கேமரா நன்றாக இருக்கிறது என்றும், ஓடாதவை வெற்றுக் கேசட்டுகள் என்றும் முடிவு செய்தேன். நீலத்திரை காட்டியவற்றைத் தனியே அடுக்கி, மேலே "வெற்று" என்று ஒரு காகிதத்தையும் செருகிவைத்தேன்.

அதோடு நின்றிருந்தாலும் பாதகமில்லை. கேமராவின் பதிவு வசதி வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, அந்த "வெற்று" அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து, எதிரே இருந்த ஜன்னலை நான்கு நிமிடம் பதிவு செய்தேன்.

மாதங்கள் கழித்து, நண்பர் ஒருவரின் பழைய ஹை-8 கேமரா என் கைக்கு வந்தபோது, ஏதோ ஓர் ஐயத்தில் அந்தக் கேசட்டை அதில் போட்டேன். முதல் சில நிமிடங்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு திரை ஒருமுறை குலுங்கி, ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து என் பாட்டியின் குரல் வந்தது. "…அதை எடுத்து உள்ளே வை" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே கேமரா பக்கம் திரும்பினார். எதை எடுத்து வைக்கச் சொன்னார், யாரிடம் சொன்னார் என்பது நான் பதிந்த ஜன்னல் கம்பிகளுக்கு அடியில் போய்விட்டது. டேப்பில் மேலெழுதியதை மீட்க வழியே இல்லை.

ஆகவே இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். வாங்கப் போகும் கேமராவின் மாடல் எண்ணைக் கொண்டு அதன் பயனர் கையேட்டைத் தேடி எடுத்து, ஹை-8, வீடியோ-8 முறையில் பதிவான டேப்பை ஓட்டும் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "ஹை-8 கேசட்டைப் பயன்படுத்தலாம்" என்ற வரியைக் கண்டு ஏமாற வேண்டாம். டிஜிட்டல்-8 கேமரா ஹை-8 கேசட்டில் தன் முறையில் பதிவு செய்யும் என்பதுதான் அதன் பொருள், பழைய பதிவை ஓட்டும் என்பதன்று. விற்பவரிடம் பழைய ஹை-8 பதிவு ஒன்று இருந்தால், அது ஓடுவதைச் சிறு வீடியோவாக எடுத்து அனுப்பச் சொல்வது இன்னும் நல்லது.

கேசட்டின் மேலுள்ள முத்திரையையும் நம்பாதீர்கள். "ஹை-8" என்று அச்சிட்ட கேசட்டில் மூன்று முறைகளில் எதுவும் பதிவாகியிருக்கலாம். அந்த அச்சு நாடாவின் தரத்தை மட்டுமே சொல்கிறது. ஒரே கேசட்டில் முன்பாதி ஹை-8, பின்பாதி டிஜிட்டல்-8 என்று இருந்ததையும் கண்டிருக்கிறேன். கேமராவுக்குள் நுழைக்கும் முன் ஒவ்வொரு கேசட்டின் விளிம்பிலும் உள்ள சிறு தாழ்ப்பாளைச் சிவப்பு நிறம் தெரியும்படி நகர்த்திவிடுங்கள். அதன்பின் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதில் எதுவும் பதிவாகாது. எனக்கு அது அன்று தெரிந்திருக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தெரிந்திருந்தும் சோம்பலால் செய்யவில்லை.

எட்டு மில்லிமீட்டர் கேசட்டுக்கு விஎச்எஸ் அடாப்டர் தேடுவது

அப்படி ஒன்று கிடையாது. விஎச்எஸ் நாடாவின் அகலம் 12.7 மில்லிமீட்டர், இதன் அகலம் 8.

லென்ஸையும் ஜூமையும் பார்த்து வாங்குவது

நீங்கள் வாங்குவது ஒரு டேப் ஓட்டியை. படம் பிடிக்கும் சென்சார் செத்துப்போன கேமராவும் டேப்பைக் குறையில்லாமல் ஓட்டலாம். அதைப் பழுதானது என்று சொல்லி மலிவாகவும் தருவார்கள்.

யுஎஸ்பி துளையைக் கண்டு மகிழ்வது

எட்டு மில்லிமீட்டர், மினி-டிவி கேமராக்கள் சிலவற்றில் யுஎஸ்பி துளை இருக்கும். நினைவட்டையில் உள்ள புகைப்படங்களை எடுப்பதற்கும், இணைய உரையாடலுக்குக் கேமராவைப் பயன்படுத்துவதற்கும்தான் பெரும்பாலும் அது வைக்கப்பட்டது. அதன் வழியே டேப்பை மாற்றினால் தீப்பெட்டி அளவில் மங்கலான படமே கிடைக்கும். முதல் ஆண்டில் நான் மாற்றிய கோப்புகள் எல்லாம் இப்படிப்பட்டவையே. பிறகு அத்தனையையும் மறுபடி செய்தேன்.

டேப்பின் முழுத் தரமும் வெளிவரும் வழி, டிவி (DV) என்றோ ஐலிங்க் (i.LINK) என்றோ குறிக்கப்பட்ட சிறிய நான்கு முனைத் துளை. இதைத்தான் ஃபயர்வயர் என்கிறார்கள். மினி-டிவி, டிஜிட்டல்-8 பதிவுகள் இதன் வழியே தரம் குறையாமல் அப்படியே நகலாகும். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட் இடம் பிடிக்கும். பழைய முறையை வாசிக்கத் தெரிந்த டிஜிட்டல்-8 கேமரா, ஹை-8 பதிவையும் தனக்குள்ளேயே எண்முறைக்கு மாற்றி இதே துளை வழியே அனுப்பிவிடும். நடுங்கும் வரிகளைச் சீராக்கும் டிபிசி வசதியும் அத்தகைய கேமராக்களின் மெனுவில் இருக்கும். அதை இயக்கி வையுங்கள். டிஜிட்டல்-8 மேல் இவ்வளவு ஆசை காட்டப்படுவதற்கு இதுவே காரணம்.

ஒரு முனையில் ஃபயர்வயர், மறு முனையில் யுஎஸ்பி என்று விற்கப்படும் வெறும் கேபிளை வாங்காதீர்கள். இரண்டும் வெவ்வேறு மொழி பேசுபவை. கம்பியை மட்டும் இணைத்தால் உரையாடல் நடக்காது. என் மேசை இழுப்பறையில் அப்படி மூன்று கேபிள்கள் கிடக்கின்றன, மூன்றும் பிறர் விட்டுச் சென்றவை. கணினியில் ஃபயர்வயர் அட்டை இருக்க வேண்டும், அல்லது பழைய கணினி ஒன்றை இதற்கென்று ஒதுக்க வேண்டும். ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் மேக்ஓஎஸ் 26க்கு மாறும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். அதில் ஃபயர்வயர் ஆதரவு நீக்கப்பட்டுவிட்டது.

ஹை-8 கேமரா மட்டுமே கிடைத்தால், மஞ்சள் முனைக்குப் பதிலாக எஸ்-வீடியோ வெளியீட்டைப் பயன்படுத்துங்கள். நிறமும் ஒளியும் தனித்தனிக் கம்பிகளில் வருவதால் படம் தெளிவாக இருக்கும்.

பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) வேறுபாட்டை மறப்பது

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விற்கப்பட்ட கேமராக்கள் என்டிஎஸ்சி என்ற தொலைக்காட்சி முறையில், ஒரு படத்துக்கு 525 வரிகளாகப் பதிபவை; ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் ஆசியாவின் பல நாடுகளிலும் 625 வரிகள் கொண்ட பால் முறை இருந்தது. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட்டும் வீட்டில் எடுத்த கேசட்டும் ஒரே பெட்டியில் கிடக்கும். இரண்டுக்கும் ஒரே கேமரா போதும் என்று எண்ணிவிடுவோம். முறை மாறினால் நிறம் போகும், படம் உருளும், சில வேளைகளில் மறுபடியும் அதே நீலத்திரை. சில பால் கேமராக்களில் என்டிஎஸ்சி கேசட்டைத் தொலைக்காட்சியில் காட்டும் ஏற்பாடு உண்டு. அது பார்ப்பதற்கானது, மாற்றும் வேலைக்கு அதை நம்ப முடியாது.

எல்பி வேகத்தில் (நாடாவை மெதுவாக ஓட்டி அதிக நேரம் பதியும் முறையில்) எடுத்த மினி-டிவி

எடுத்த கேமராவிலேயே ஓட்டுங்கள். வேறொன்றில் படம் கட்டம் கட்டமாக உடையலாம்.

"ஆன் ஆகிறது" என்பதைச் "சோதித்தது" என்று படிப்பது

விற்பவர் உண்மையைத்தான் எழுதியிருப்பார்: கேமரா ஆன் ஆகிறது, திரை ஒளிர்கிறது. டேப் பகுதியைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. கேசட் மூடி திறக்கிறதா, டேப்பை இழுத்து டிரம்மில் சுற்றிவிட்டு மறுபடி ஒழுங்காக உள்ளே அனுப்புகிறதா, ரீவைண்ட் கடைசிவரை ஓடுகிறதா என்று கேளுங்கள். சோனி கேமராவின் திரையில் சி:22 என்று வந்தால் நாடாவை வாசிக்கும் ஹெட்டில் அழுக்கு. அது சுத்தம் செய்தால் போகும். சி:31, சி:32 என்று வந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது, பெரும்பாலும் டேப்பை இழுக்கும் இயந்திரப் பகுதியில். அந்தக் கேமராவை விட்டுவிடுங்கள். 1990ஐ ஒட்டி வந்த கேமராக்களில் மின்தேக்கிகள் கசிந்து பலகையையே அரித்துவிடுவது வாடிக்கை. அந்தக் கால மாடல் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நான் தொடுவதில்லை.

வாங்கிய கேமராவில் முதலில் போடும் கேசட், இழந்தால் வருந்தாத கேசட்டாக இருக்க வேண்டும். புதிதாக வந்த கேமரா ஒன்று முதல் நாளே நாடாவை மென்று துப்பியதைப் பார்த்தபின் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன்.

பழைய பேட்டரிக்குப் புதிது தேடுவது

வேண்டாம். மின் அடாப்டர் இல்லாத கேமராவை வாங்காமல் இருந்தால் போதும்.

வேலை முடிந்தது என்று கேமராவை உடனே விற்பது

கோப்புகளைக் கடைசி நிமிடம்வரை காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு கேட்டுவிட்டுப் பிறகு விற்கலாம். டிவி (DV) முறையில் 12 பிட் ஒலியில் எடுத்த டேப்பில் இரண்டு ஒலித்தடங்கள் இருக்கும்; எடுத்தபோது பதிந்த ஒலி ஒன்றிலும், பின்னர் சேர்த்த ஒலி மற்றொன்றிலும் கிடக்கும். சென்ற மாதம் ஒருவர் கொண்டுவந்த கோப்பில் பிறந்தநாள் விழா முழுவதும் பின்னணி இசை மட்டும் கேட்டது. குழந்தைகள் வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் குரல் மற்றொரு தடத்தில் அந்தக் கேசட்டிலேயே இருக்கலாம். ஆனால் கேமராவை அவர் முந்தின வாரமே விற்றுவிட்டார்.